அலுமாரிக்குள் எரிந்த விளக்கு

சின்னம்மா,

இன்று அந்திநேர மஃரிப் பாங்கு ஒலித்து அடங்கிய சற்று நேரத்தில் எங்கள் கட்டடத்தின் ஜெனரேட்டர் நின்றுபோனது. அஜ்மானில் புதிதாக எழுந்த கட்டடங்கள் பலவற்றுக்கு இன்னும் மின்சார இணைப்பு வரவில்லை. வாடகை குறைவு என்பதால் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். கீழே மணலில் லொறி அளவில் ஒரு ஜெனரேட்டரை நிறுத்தியிருக்கிறார்கள். சமைப்பதும் குளிப்பதும் ஏசி போடுவதும் அதை நம்பித்தான். அதன் முழக்கத்துக்குப் பழகிவிட்ட காதுக்கு, அது நிற்கும்போதுதான் ஏதோ சத்தம் கேட்டதுபோல் இருக்கிறது. டீசல் வாசம் மட்டும் யன்னல் வழியாக மேலேறி வந்தது. பிறகு குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து மெல்லிய ஒரு சொடுக்கு. உங்கள் விளக்கு விழித்துக்கொண்டது.

நான் யோசிக்கவேயில்லை. பிளக்கை இழுத்துக் கழற்றி, விளக்கைத் தூக்கி, என் உடுப்பு அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அறை இருண்டது. கதவிடுக்கில் வெள்ளையாய் ஒரு கோடு மட்டும் நின்றது.

என்னோடு அறையில் இருப்பவள் சபுரா, அதிராம்பட்டினத்துப் பெண். கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்டு போனாத்தான் அந்த லைட்டே வேணும். அதைக் கொண்டுபோய் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டுற. ஏன்டி, உன் சுடிதாருக்கு இருட்டுன்னா பயமா?"

சிரித்து வைத்தேன். சபுரா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தாள். நான் அலுமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த இடுக்கு வெளிச்சம் விழும் இடத்தில் தாளை வைத்து எழுதத் தொடங்கினேன். அதனால் எழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்கும். என் கையெழுத்தைப் பற்றி நீங்கள் முன்பே சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

இந்த விளக்கை வாங்கிய நாளும் நினைவிருக்கிறது. நீங்கள் விசிட் விசாவில் வந்து என்னோடு தங்கிய அந்தக் குளிர்காலம். அப்போது நான் வேறொரு கட்டடத்தில் இருந்தேன். அங்கே கரண்டு போவது என்ற பேச்சே இல்லை. நீங்கள் வந்த மறுநாள் ஷார்ஜாவுக்கு பஸ்ஸில் புறப்பட்டோம். ஏறி உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து, உங்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்து, விரல்களுக்கிடையில் தயாராகப் பிடித்துக்கொண்டீர்கள். பஸ் வட்டச்சந்திகளைத் தாண்டியது, பள்ளிவாசலைத் தாண்டியது, கடைவீதிக்குள் நுழைந்தது. அட்டை கையிலேயே இருந்தது.

"இன்னும் செக்பொயின்ற் வரேல்லையே பிள்ளை?"

ஷார்ஜாவுக்குள் வந்து எவ்வளவோ நேரமாயிற்று என்றேன். ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லையே என்று நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தீர்கள். இங்கே ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றேன்.

"அப்ப இந்த ஊரை ஆர் காக்கிறது?" என்று கேட்டீர்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டீர்கள்.

அன்று பின்னேரம் அங்காடி வாசலில் காவலுக்கு நின்ற நேபாளிப் பையனிடம் போய், பையின் வாயை அகலத் திறந்து காட்டினீர்கள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து உள்ளே பார்த்தான். ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைலேஞ்சி, இஞ்சி மிட்டாய், பாதி வாசித்த ஒரு துப்பறியும் நாவல். அவன் சிரித்தான். நீங்கள் ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தீர்கள். பிறகு நான் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பையன், அம்மா எங்கே என்று ஹிந்தியில் கேட்பான்.

விளக்குக் கடை அஜ்மான் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்காரர் கீழக்கரைக்காரர். ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவரிடம் ஆளுக்கொரு எமர்ஜென்சி லைட் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவார்கள். அவர் பிளக்கைச் செருகிக் காட்டினார், விளக்கு சும்மா இருந்தது. இழுத்துக் காட்டினார், எரிந்தது.

"கரண்டு போனா இது வரும், கரண்டு வந்தா இது போயிரும். நீங்க கையே வைக்க வேணாம் அக்கா."

இன்னொருக்காக் காட்டச் சொன்னீர்கள். காட்டினார். பிறகு நீங்களே வாங்கிச் செருகினீர்கள், இழுத்தீர்கள், செருகினீர்கள். உங்கள் முகம் ஒளிர்ந்தும் அணைந்தும் கொண்டிருந்தது. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். கரண்டு பில் தனக்குத்தான் வரும் என்று அவர் பயந்தவர் மாதிரிச் சொன்னார். நீங்கள் விடவில்லை.

"ஆரும் சொல்லாமல் தானாச் செய்யுது. எங்கட கந்தோரில இப்பிடி ஒருத்தரும் இருந்ததில்லை," என்றீர்கள் என்னிடம்.

அந்தக் கந்தோர் வேலைக்கு நீங்கள் போய்வந்த காலத்தில்தான் நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கவென்று உங்களிடம் வந்து சேர்ந்தேன். கொழும்பில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அந்த மூன்றாம் மாடி. தனியாக வாழ்ந்து பழகிய உங்கள் வீட்டில் எனக்கென்று நீங்கள் ஒதுக்கியது ஒரு கட்டிலும் புத்தகத் தட்டில் பாதியும். காலையில் நீங்கள் ரயிலேறிக் கோட்டைக்குப் போவீர்கள், கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். கோட்டை என்பது பெயர்தான். கோட்டை அங்கே இல்லை. மதில்களை வெள்ளைக்காரன் இடித்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது என்று ஒருநாள் எனக்குச் சொன்னீர்கள். நான் வளர வளர அந்த மதில் திரும்பி வந்துகொண்டிருந்தது. தார் பீப்பாய்களாக, மணல்மூட்டைகளாக, முட்கம்பிச் சுருள்களாக. இன்று போன தெரு நாளைக்கு மூடியிருக்கும். பீப்பாய்கள் இரவில் நடந்து இடம் மாறுகின்றன என்று சின்ன வயதில் நம்பியிருக்கிறேன்.

முற்றுகையிடப்பட்ட நகரங்களைப் பற்றிய புத்தகங்களை நாம் இருவரும் தேடித்தேடி வாசித்தோம். அவற்றில் எதிரி வெளியே நிற்பான்; நகரத்தார் உள்ளே நிற்பார்கள்; நடுவில் மதில். கொழும்பில் அந்த மதில் எங்கே போகிறதென்று எனக்கு விளங்கவில்லை. வடக்கில் தனிநாடு கேட்டுச் சண்டை பிடித்தவர்கள் தமிழர்கள். தலைநகரில் வெடித்த குண்டுகளில் செத்தவர்களில் எல்லோரும் இருந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றிவளைக்கப்பட்டவர்கள் நாங்கள். நான் இங்கே வேலைக்கு வந்த பிறகு நீங்கள் தொலைபேசியில் சொல்வீர்கள்: பஸ்ஸில் ஏறியதும் இருக்கைக்குக் கீழே பார்க்கச் சொல்லிக் கண்டக்டர் கத்துகிறான், எல்லோரும் குனிகிறார்கள்.

"நானும் குனிஞ்சு குண்டு தேடுறன். பின்னால இருக்கிற மனுசி என்ர பொட்டைப் பாத்திட்டு என்னைத் தேடுறா."

சொல்லிவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். நான் இந்தப் பக்கம் சிரிக்கமாட்டேன். அவளுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்தானே என்பீர்கள் பிறகு.

போரின் கடைசி வருடங்களில் போராளிகளின் சின்ன விமானங்கள் குண்டு போட வரத் தொடங்கின. வடக்கே வன்னியிலிருந்து கிளம்பிவிட்டன என்று தெரிந்தவுடன் முழுக் கொழும்பின் மின்சாரத்தையும் அறுத்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய நகரம் தன்னை ஒளித்துக்கொள்வதற்குக் கண்டுபிடித்த வழி அதுதான். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, ஹோட்டல்கள், கோயில், விகாரை, எங்கள் மூன்றாம் மாடி எல்லாம் ஒரே நொடியில் இல்லாமற் போகும். அதன் பிறகு மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கடல் எது, ஊர் எது என்று தெரியாது. இங்கே துபாய்ப் பக்கம் வானம் எந்நேரமும் ஆரஞ்சாய் எரிந்துகொண்டிருக்க, நான் அந்த இருட்டை நினைத்துப் பார்ப்பேன். வீடுகளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் தோன்றும்.

அப்படியொரு நாள், நான் வேலை செய்யும் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு உங்களை அழைத்தேன். பத்துத் திர்ஹம் தொலைபேசிக் கார்ட். கத்தரிக்காய் விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினீர்கள். கரண்டு போய்விட்டது என்றீர்கள். உடனேயே உங்கள் குரல் மாறியது.

"உன்ர லைற் எரியுது பிள்ளை! முழு வெள்ளவத்தையும் இருட்டு. எங்கட வீடு மட்டும் கலியாண வீடு மாதிரி."

அந்த வீட்டில் சும்மா கிடந்த ஒரே பிளக் யன்னலடியில் இருந்தது. அதனால் விளக்கும் யன்னல் திட்டில் இருந்தது, கடலைப் பார்த்தபடி. நீங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே தூரத்தில் தகரத்தில் கல் விழுவதுபோல் அடுத்தடுத்துச் சத்தம். துறைமுகப் பக்கம் சுடுகிறார்கள், வானத்தில் சிவப்பு மணி கோத்ததுபோல் போகிறது என்று வர்ணித்தீர்கள். முழு நகரமும் ஒளிந்திருக்க, ஒரு தமிழ் வீட்டின் கடற்கரை யன்னலில் மட்டும் வெளிச்சம். இதைவிடச் சின்னக் காரணங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்களை நாம் இருவருமே அறிவோம். சிலர் திரும்ப மாதங்களாயின.

"சின்னம்மா, அதை நிப்பாட்டுங்கோ. கெதியா."

உங்களுக்கும் விளங்கிவிட்டது.

"எப்பிடி நிப்பாட்டுறது? அந்த மனுசன் கை வைக்க வேண்டாமெண்டெல்லோ சொன்னவர்."

நீங்கள் அவர் சொன்னதை அப்படியே கேட்டு நடந்திருக்கிறீர்கள். வாங்கிய நாள் தொடக்கம் அதன் உடம்பில் எங்கே சுவிட்ச் இருக்கிறதென்றே பார்த்ததில்லை. பின்னால், அடியில், சின்னதாய் ஒன்று இருக்கும் என்று நான் கத்துகிறேன். நீங்கள் தடவுகிறீர்கள். ஏதோ உருண்டு விழுகிறது. பிறகு பிளக்கை இழுக்கும் சத்தம், அலுமாரிக் கதவின் கிறீச். தொலைபேசிக்குத் திரும்பி வந்து, உள்ளே வைத்துச் சாத்திவிட்டதாக மூச்சு வாங்கச் சொன்னீர்கள். அதற்குள் கீழே யாரோ அதட்டும் குரல், படிகளில் சப்பாத்துகள்.

"வந்திட்டினம். நீ வைக்காதை."

ரிசீவரை மேசையில் படுக்க வைத்தீர்கள். அதற்குப் பிறகு எல்லாமே தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டது. மூன்று பேராவது இருக்க வேண்டும். பேசியவர் இராணுவச் சார்ஜன், வயதானவர்போல, களைத்த குரல். எல்லாம் சிங்களத்தில். இங்கே ஒரு வெளிச்சம் தெரிந்ததே என்றார். ஓம், தெரிந்தது என்றீர்கள். இப்போது எங்கே? அலுமாரிக்குள். கதவிடுக்கில் அந்த வெள்ளைக் கோட்டை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். யன்னலில் இருந்த வெளிச்சத்தைவிட ஒளித்து வைத்த வெளிச்சம் எவ்வளவு மோசமானது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யார் கொளுத்தியது என்றார் சார்ஜன். ஒருவரும் கொளுத்தவில்லை, அது தானாக எரிந்தது என்றீர்கள். உங்கள் சிங்களம் எப்போதும் கந்தோர்ச் சிங்களம். அந்த நேரத்திலும் ஒரு பிழை வரவில்லை.

"தானாக எரிந்தது. அலுமாரிக்குள்ளும் தானாகவே நடந்து போனதா, அம்மா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யன்னலால் யாருக்குக் காட்டினீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. நான் இங்கே எழுந்து போய் என் அறை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். ஏனென்று கேட்காதீர்கள். அதன் பிறகு இருட்டில் தரையில் உட்கார்ந்து ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் இன்னொரு குரல், இளம் குரல், எங்கள் வீட்டிலும் இதே விளக்கு இருக்கிறது சேர் என்றது. அவனுடைய அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாளாம். அவள் அனுப்பினாளாம்.

அது தானாக எரியுமா என்று சார்ஜன் கேட்டார்.

தெரியாது சேர் என்றான். எங்கள் கிராமத்துக்கு இன்னும் கரண்டு வரவில்லை. வந்துவிடும் என்று நம்பி அக்கா அனுப்பினாள். அம்மா அதை ஷோகேசுக்குள் வைத்திருக்கிறாள்.

நான் அந்த இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று இன்றைக்கும் தெரியாது. அவனுக்கு உங்களைக் காப்பாற்ற வேண்டும்போல் இருந்திருக்கலாம், ஆனால் அவன் கண்டதைத்தானே சொல்ல முடியும். சார்ஜன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சரி, கரண்டு வரட்டும், அது தானாக எரிந்ததென்றால் தானாக அணையும்தானே, பார்ப்போம் என்றார். அணையாவிட்டால் அம்மா எங்களோடு வரவேண்டியிருக்கும்.

பிறகு நீங்கள் எல்லோரும் காத்திருந்தீர்கள். நானும் காத்திருந்தேன். கடற்காற்றில் யன்னல் திரை அடிக்கும் ஓசை வந்தது. துறைமுகப் பக்கத்துச் சத்தம் ஓய்ந்து, திரும்பத் தொடங்கி, ஓய்ந்தது. எங்கோ ஒரு நாய். நீங்கள் அவர்களிடம் மிட்டாய் வேண்டுமா என்று கேட்டது கேட்டது. இஞ்சியா என்றான் இளையவன். காகிதம் பிரியும் சத்தம்கூட வந்தது, சின்னம்மா, அஜ்மான்வரைக்கும். அவ்வளவு அமைதி. யாரைக் காக்கிறோம், யாரிடமிருந்து காக்கிறோம் என்பதெல்லாம் தற்காலிகமாக நின்றுபோன ஒரு நேரம். அப்படியொரு நேரம் இருந்ததாக இன்று யாரிடமும் சொன்னால் நான் கனவு கண்டதாக நினைப்பார்கள்.

அந்த அமைதிக்குள் பதிவுசெய்த ஒரு அமெரிக்கப் பெண் குரல் புகுந்து, கார்டில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்றது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

புதுக் கார்ட் வாங்கச் செருப்பில்லாமல் படிகளில் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் எனக்கு அது தோன்றியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் பிளக்கைக் கழற்றித்தான் விளக்கை அலுமாரிக்குள் வைத்தீர்கள். கரண்டு வந்த செய்தி அந்த விளக்குக்கு வயர் வழியாகத்தான் போகவேண்டும். வயர் உடுப்புகளுக்கிடையில் கிடக்கிறது. கொழும்பு முழுவதும் வெளிச்சம் வந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை; எரிந்துகொண்டேதான் இருக்கும். தானாக எரிந்தது என்று நீங்கள் சொன்ன விளக்கு, அவர்கள் கண் முன்னால் அணையாமல் எரியப்போகிறது.

மூலைக் கடை மலையாளி சேட்டன் கார்டை எடுத்துத் தந்தபோது சுரண்டக் காசில்லை, நகத்தால் சுரண்டினேன். ஊரில் ஆருக்கும் சுகமில்லையா மோளே என்று கேட்டார். தலையாட்டிவிட்டு ஓடினேன். எண்ணைச் சுழற்றினால், பிஸி. நீங்கள் மேசையில் படுக்க வைத்த ரிசீவர் இன்னும் படுத்தே இருக்கிறது. மறுபடி பிஸி. சோறு கருகி மணம் வந்தது. இரண்டே சொல், பிளக்கைச் செருகுங்கோ. அதைச் சொல்ல வழியில்லாமல், கடலுக்கு இந்தப் பக்கம், விளக்கணைத்த அறையில் அந்தப் பிஸி சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன். ஒரு நகரத்துக்கு வெளியே நின்று அதற்குள் இருப்பவருக்காகப் பயப்படுவது எப்படியென்று எந்தப் புத்தகத்திலும் நான் சரியாக வாசித்திருக்கவில்லை.

கடைசியில் மணி அடித்தது. எடுத்தீர்கள்.

"சோறு ஆக்கிப்போட்டியே?"

அதுதான் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை.

பிறகு நிதானமாகச் சொன்னீர்கள். முதலில் விசிறி அசைந்ததாம். பிறகு ரியூப்லைற் சிமிட்டியது. எல்லோரும் அலுமாரியைப் பார்த்தார்கள். கோடு அப்படியே இருந்தது. சார்ஜன் எழும்பித் தொப்பியைப் போட்டார். அந்த நேரத்தில், அஜ்மான் சந்தையில் கடைக்காரரின் கை பிளக்கை இழுப்பதும் செருகுவதும் கண்ணுக்கு முன்னால் வந்ததாம். நீங்கள் போய்ச் செருகவில்லை. நீங்கள் தொட்டால் ஏதோ செய்துவிட்டதாக நினைப்பார்கள் என்று, அந்த இளைய சிப்பாயைக் கூப்பிட்டீர்கள், புத்தா, அதாவது மகனே, நீயே எடுத்துச் செருகு என்று. அவன் அலுமாரியைத் திறந்து, உங்கள் சேலைகளுக்கு நடுவிலிருந்து அதை இரண்டு கையாலும் தூக்கினான். செருகினான். அணைந்தது. இழுத்தான். எரிந்தது. செருகினான்.

"விடுறானில்லை பிள்ளை. நான் அண்டைக்கு நிண்ட மாதிரியே நிண்டான். சார்ஜன்தான் 'போதும், போதும், வா' எண்டு இழுத்துக்கொண்டு போனவர்."

யன்னலில் வைக்கவேண்டாம் என்று மட்டும் சார்ஜன் சொன்னாராம். அடுத்த நாள் விசாரணைக்கென்று பொலிசுக்குப் போய் ஒரு பகல் முழுவதும் வாங்கில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். அதோடு முடிந்தது.

உங்களுக்கு விசா எடுக்கிறேன், வந்துவிடுங்கள் என்று நான் நச்சரித்தேன். ஒரு லைட்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினவள் என்ற பெயர் தனக்கு வேண்டாமென்றீர்கள். இது என்ர ஊர், அவையளுக்குத் தெரியாட்டி எனக்குத் தெரியும் என்றீர்கள். அந்த இளைய சிப்பாய் உங்கள் ஒழுங்கை முனைச் சோதனைத் தடையில் நிற்பவன்தான் என்று பிறகு தெரியவந்தது. பகலில் அவன் உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்களுடையதைப் போலவே உங்கள் பையையும் கிளறினான். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு வரவில்லை.

"தெரிஞ்ச முகமெண்டு விடத் தொடங்கினா அதென்ன காவல்? நானும் அந்தப் பஸ்ஸில போறவள்தானே."

கொஞ்ச நாளில் அவனைக் காணவில்லை. வடக்கே அனுப்பிவிட்டார்கள் என்று தடையில் நின்ற வேறொருவன் சொன்னானாம். மாமா குடும்பம் வன்னியில் அகப்பட்டிருந்த காலம் அது. உங்கள் கூடப்பிறந்த அண்ணன்.

"அண்ணையும் அங்கை. இவனும் அங்கை. நான் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கும்பிடுறன். நீ ஒருத்தருக்கும் சொல்லாதை."

நான் இதுவரைக்கும் சொல்லவில்லை.

போர் முடிந்தது. மாமி முகாமுக்கு வந்து சேர்ந்தாள், மாமா வரவில்லை. அந்த இளைய சிப்பாயைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பெயரைக்கூட நீங்கள் கேட்டிருக்கவில்லை. மழை தொடங்கிய நாட்களில் நித்திரையிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். எமர்ஜென்சி லீவு எடுத்து நான் வந்தபோது ஒழுங்கை முனையில் தடை இல்லை. பீப்பாய்கள் நின்ற இடங்களில் தாரின்மேல் துருப்பிடித்த வட்டங்கள் மட்டும் இருந்தன. நான் கால் வைக்காமல் அவற்றைச் சுற்றிப் போனேன். கையில் அடையாள அட்டையை எடுத்து வைத்திருந்தேன்.

வீட்டில் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளை ஒரு பக்கமாய் ஒதுக்கி விளக்கை நடுவில் வைத்திருந்தீர்கள். கதவின் கீழ் மூலையில் ஒரு சின்ன வாய் வெட்டி, வயரை அதன் வழியாக வெளியே எடுத்து, நீளமான ஒரு வயரோடு இணைத்து யன்னலடிப் பிளக் வரைக்கும் கொண்டுபோயிருந்தீர்கள். விளக்கு அலுமாரிக்குள் இருந்தது, ஆனாலும் கரண்டு போனதும் வந்ததும் அதற்குத் தெரியும். கரண்டு போகும் நாட்களில் நீங்கள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, யன்னலுக்கு முதுகைக் காட்டி, அதன் முன்னால் தரையில் இருந்து புத்தகம் வாசிப்பீர்கள் என்று கீழ் வீட்டு மாமி சொன்னார். போர் முடிந்த பிறகுமா என்று கேட்டேன். ஓம், பிறகும்தான் என்றார்.

ஆளுக்கொன்றாய் இங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோகும் சாமானை, ஊரிலிருந்து இங்கே திருப்பிக் கொண்டுவந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இது என்ன என்று கேட்ட பெண்ணுக்குச் செருகிக் காட்ட அங்கே பிளக் இல்லை. எரியும் என்றேன். விட்டுவிட்டாள்.

சின்னம்மா, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே ஜெனரேட்டர் இருமித் தொடங்கிவிட்டது. ஏசி உறுமுகிறது, தலைக்கு மேலே வெளிச்சம், எதிர்க் கட்டடத்தின் யன்னல்கள் எல்லாம் ஒன்றாய்த் திறந்துகொண்டன. சபுரா முந்தானையை விலக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அலுமாரியைக் காட்டினாள்.

"கரண்டுதான் வந்திருச்சே. அது ஏன் இன்னும் எரியுது?"

"அதுக்குத் தெரியாது," என்றேன். "நான்தான் பிளக்கைக் கழட்டிப்போட்டன்."

"அப்ப சொருகு."

சொருகலாம். பிளக் இங்கேதான் கிடக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில். சொருகினால் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான், அணைந்துவிடும். நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்து, யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். பற்றறி இருக்கும்வரை எரியட்டும்.